பழைய கார் வாங்கப் போகிறீர்களா? வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்சியைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போன் அடித்தால் பாதி நாள் அது ஒரு காரைப் பற்றியதாகத்தான் இருக்கும். "அண்ணா, பெருந்துறையில ஒரு ஸ்விஃப்ட் பார்த்தேனுங்க. வெள்ளைக் கலரு, சிங்கிள் ஓனர், உள்ள எல்லாம் புதுசாட்டவே இருக்குதுங்க. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். நீங்க ஒரு எட்டு வந்து பார்த்துச் சொன்னீங்கன்னா மீதியைக் கட்டி எடுத்துடலாமுங்க."

பக்கத்து வீட்டுத் தம்பி, பெரியம்மா மகன், கூட வேலை செய்தவரின் மருமகன் என்று ஆள்தான் மாறும், பேச்சு மாறாது. நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "வண்டி நம்பர் என்ன தம்பி?" சீட் கவரின் நிறம் தெரியும், செட்டில் எத்தனை ஸ்பீக்கர் என்று தெரியும், நம்பர் மட்டும் தெரியாது.

நான் மெக்கானிக் இல்லை. ஈரோட்டுப் பக்கம் இருந்துகொண்டு இருபது வருடத்தில் வீட்டுக்காக ஐந்து கார் வாங்கி, நான்கை விற்றிருக்கிறேன். ஐந்தும் பழைய வண்டிகள். சொந்தபந்தத்துக்காகப் பார்க்கப் போன வண்டிகள் இன்னும் நிறைய. அதில் கற்றுக்கொண்டதை, முதல் தடவை வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். பழைய கார் என்றால் பாதி இரும்பு, பாதி காகிதம். இரும்பில் கோளாறு இருந்தால் மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் சரி செய்துகொள்ளலாம். காகிதத்தில் கோளாறு இருந்தால் காசு கொடுத்தும் தீராது, ஆர்டிஓ ஆபீசுக்கும் பழைய ஓனர் வீட்டுக்கும் நடந்தே செருப்புத் தேயும். அதனால் காகிதத்தை முதலில் பாருங்கள்.

கையில் எவ்வளவு, தேவை எது

நான்கு லட்சம் வைத்திருக்கிறீர்கள் என்றால் மூன்றரை லட்சத்து வண்டியைத் தேடுங்கள். மீதி ஐம்பதாயிரம் முதல் இரண்டு மாதத்தில் தானாகப் போய்விடும். பேர் மாற்றும் செலவு, இன்சூரன்ஸ், ஒரு முழு சர்வீஸ், பேட்டரி, தேய்ந்த டயர் என்று வரிசையாக நிற்கும். மொத்தக் காசையும் வண்டி விலையிலேயே போட்டவர்கள் வழுக்கை டயரோடு ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த டயரோடு மழைக்காலத்தில் பைபாஸில் போவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டீசலா, பெட்ரோலா என்பதை உங்கள் தினசரி ஓட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். திருப்பூரில் இருந்து கோவைக்குத் தினமும் போய்வந்தால் நூறு கிலோமீட்டர் ஆகிவிடும், அதற்கு டீசல் தோதுதான். ஊருக்குள் பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஓடுகிற வண்டி என்றால் பெட்ரோலே போதும். அதிலும் 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு பில்டர் இருக்கிறது. அது சூடேறி, பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் செலவு பெரிது.

பழைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்கு ஏற்ற பொருட்களோடு கார்கள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலில் இருந்துதான். அதற்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் ஓஸ்களையும் பில்டரையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

நம்பரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்க்க வேண்டியது

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் நம்பரை வாங்கி, அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எந்த ஊர் வண்டி என்பது நம்பரில் TN-க்கு அடுத்து வரும் இரண்டு எண்ணிலேயே தெரியும். 33 ஈரோடு, 56 பெருந்துறை, 36 கோபி, 39 திருப்பூர் வடக்கு, 78 தாராபுரம், 41 பொள்ளாச்சி, 47 கரூர், 28 நாமக்கல். பதிவு செய்த நாள், எரிபொருள், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் அங்கே வரும். கட்டாத அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்திலும் ஒரு தடவை தட்டிவிடுங்கள்.

அங்கே ஓனர் பெயர் முழுதாக வராது, நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். அதனால் ஆர்சியின், அதாவது வண்டியின் பதிவுச் சான்றின், அசலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பேச்சை நகர்த்தாதீர்கள். அசலில் நான் பார்ப்பவை இவை.

முதலில், எத்தனையாவது ஓனர். "சிங்கிள் ஓனர்" என்று வாயால் சொல்வார்கள், ஆர்சியில் 3 என்று இருக்கும். அடுத்தது, தயாரித்த மாதமும் வருடமும். 2018இல் பதிந்த வண்டி 2017இல் தயாரானதாக இருக்கலாம். விலையைப் பேசும்போது தயாரான வருடத்தைப் பிடித்துப் பேசுங்கள். மூன்றாவது, கடன் குறிப்பு. வங்கியின் பெயர் ஆர்சியில் இருந்தால் அந்த வண்டியின் மேல் கடன் இருக்கிறது என்று அர்த்தம். பல பேர் கடனைக் கட்டி முடித்து ஐந்து வருடம் ஆகியிருக்கும், ஆனால் ஆர்சியில் வங்கிப் பெயரை நீக்கியிருக்க மாட்டார்கள். அதற்கு வங்கி தரும் தடையின்மைச் சான்றும், வங்கியும் ஓனரும் கையெழுத்துப் போட்ட படிவம் 35ம் வேண்டும். வங்கி தரும் அந்தக் கடிதத்துக்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள். "பீரோவில் இருக்குதுங்க" என்று எடுத்துத் தரும் ஐந்து வருடப் பழைய கடிதம் உதவாது. "வங்கியில் புதுசு வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஆர்சியில் இருக்கும் ஓனர் இறந்துபோன வண்டிகளும் விற்பனைக்கு வரும். "அப்பா பேர்ல இருக்குதுங்க, போன வருசம் தவறிட்டாரு, நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தர்றோம்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனால் அப்படி நேராக உங்கள் பெயருக்கு வராது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 எல்லாம் கொடுத்து முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அது முடிந்த பிறகு வாங்குங்கள். கம்பெனி பெயரில் இருக்கும் வண்டி என்றால், கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று கம்பெனி லெட்டர்பேடில் சீலோடு ஒரு கடிதம் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனி வண்டிகள் நிறைய இப்படி வரும். டிரைவர்கள் மாறி மாறி ஓட்டியிருப்பார்கள், ஆனால் சர்வீஸ் காலத்துக்குச் சரியாக நடந்திருக்கும். நான் அவற்றை ஒதுக்க மாட்டேன்.

இன்னொன்று, பல பேருக்குத் தெரியாதது. இப்போது பேர் மாற்றும் விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது, ஆர்சியோடு பதிந்திருக்கும் மொபைல் நம்பருக்கு ஓடிபி வருகிறது. அந்த நம்பர் இப்போது ஓனர் கையில் உயிரோடு இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

வெளி மாநில வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு வாளையாறு தாண்டினால் பாலக்காடு, திம்பம் ஏறினால் கர்நாடகம். கேரள நம்பர், பாண்டிச்சேரி நம்பர் வண்டிகள் இங்கே மலிவாகக் கிடைக்கும். அந்த மாநில ஆர்டிஓவிடம் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்மூர் நம்பருக்கு மாற்றியாக வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும். கூடவே ஒரு பயம்: 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம். தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து எங்கெங்கோ கைமாறின. முதல் கார் வாங்குகிறவர் நம்மூர் நம்பரே பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

யாரிடம் வாங்குவது

நம் பக்கம் பழைய வண்டிக் கடைக்கு "கன்சல்டிங்" என்று பெயர். மெயின் ரோட்டில் பத்து இருபது வண்டிகளை வரிசையாகக் கழுவி நிறுத்தி வைத்திருப்பார்கள். பல வண்டிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், லோனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். கமிஷன் விலையிலேயே சேர்ந்திருக்கும். கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் ஷோரூம்களில் விலை இன்னும் கொஞ்சம் கூட, ஆனால் பேப்பர் வேலை ஒழுங்காக நடக்கும், சில வண்டிகளுக்கு வாரன்டியும் தருவார்கள். ஒன்றுமே தெரியாதவருக்கு அது மோசமில்லை. வங்கி ஏலம் முதல் தடவை வாங்குகிறவருக்கு வேண்டாம்.

ஓனரிடம் நேரடியாக வாங்குவதுதான் எனக்குப் பிடித்தது. வண்டி நின்ற இடத்தையே பார்க்கலாம். தரையில் ஆயில் சொட்டிய கறை இருக்கிறதா, வெயிலில் நின்றதா, கொட்டகையில் நின்றதா என்று எல்லாம் தெரியும். ஓனரோடு பத்து நிமிடம் பேசினாலே அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது விளங்கிவிடும்.

சொந்தக்காரர் வண்டி மட்டும் யோசித்து வாங்குங்கள். மாமன் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க முடியாது. மச்சானிடம் ஆர்சியைக் கேட்டால் "என்ன மாப்ள, நம்பிக்கை இல்லையா" என்பார். விலையும் குறைத்துப் பேச முடியாது. நாளைக்குக் கியர் பாக்ஸில் சத்தம் வந்தால் கல்யாண வீட்டில் முகம் பார்க்கச் சங்கடம். அப்படியும் வாங்குவதாக இருந்தால், "எல்லாருக்கும் பண்ற மாதிரி பார்த்துக்கிறேனுங்க மாமா" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வண்டியைப் பார்க்கும் காலை

தானமாகக் கிடைத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இதைக் காசு கொடுத்து வாங்குகிறோம், நன்றாகவே பார்க்கலாம்.

காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கிவிட்டார்கள். காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் இன்ஜின் தன் குறையைச் சொல்லும்.

வெளியே சுற்றி வரும்போது பெயின்ட் நிறம் கதவுக்குக் கதவு ஒத்துப்போகிறதா என்று வெயிலில் சாய்ந்து நின்று பாருங்கள். சந்தேகம் வந்த இடத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். தகரம் என்றால் கணீர் என்று கேட்கும், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து இழைத்த இடம் மொத்தென்று கேட்கும். சின்னப் பட்டி வேலைக்குப் பயப்பட வேண்டாம். தோட்டத்து வண்டி என்றால் இரண்டு பக்கமும் நீளநீளமாகக் கீறல் இருக்கும், அது இட்டேரியில், அதாவது இரண்டு வேலிக்கு நடுவே போகும் தடத்தில், கிளுவை முள் இழுத்த கோடு. அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அதே இட்டேரி அடியில் என்ன செய்திருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் முக்கியம். குனிந்து, இல்லை என்றால் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), சைலன்சர், முன்பக்கம் சக்கரத்துக்குப் போகும் ஆர்ம்கள் நசுங்கியிருக்கின்றனவா, ஈரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெரிய விபத்து நடந்த வண்டியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டிங்கர் சொல்லிக்கொடுத்தது இது. கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை ஒரு அடி நீளத்துக்கு மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். உள்ளே தகரம் இரண்டு மடிப்பாகச் சேரும் விளிம்பில் கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் குழிக்குழியாக இருக்கும். விரலை ஓட்டினால் தட்டுப்படும். அந்தக் குழிகள் இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, கோணல்மாணலாக வெல்டிங் மேடு தட்டுப்பட்டாலோ கதவை ஒட்டிய அந்தத் தூணை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கைகொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பீடிங்கை மறுபடி உள்ளங்கையால் அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். பானட்டைத் திறந்து மட்கார்டு போல்ட் தலைகளையும் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆம் வாரம் தயாரானது. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் அச்சையும் ஒப்பிடுங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருடக் குறி இருந்து ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் அது மாற்றியது. கல் பட்டு உடைந்ததா, வண்டி இடித்ததா என்பது அடுத்த கேள்வி.

கிலோமீட்டரை நம்பாதீர்கள், தேய்மானத்தை நம்புங்கள். வீட்டு வண்டி வருடத்துக்கு 10,000, 12,000 கிலோமீட்டர் ஓடுவது வழக்கம். பத்து வருட வண்டியில் மீட்டர் 38,000 காட்டுகிறது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிப்போயிருக்கிறது என்றால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். ஓனரையே கூட வைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் கணக்கைக் கேட்டால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும்.

வெள்ளத்து வண்டிக்கு மூக்குதான் முதல் சாட்சி. ஏசி போடாமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள். ஈரச் சாக்கு வாடை வருகிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு அதில் தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியில் வண்டல். இதில் இரண்டு இருந்தாலே கிளம்பிவிடுங்கள்.

தோட்டத்துச் சாளையில் நின்ற வண்டி என்றால் எலி. பானட்டுக்குள் ஒயர்களின் மேல் தோல் கடித்திருக்கிறதா, இன்சுலேஷன் டேப் சுற்றிய இடங்கள் எத்தனை என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, பீறிட்டு அடித்து முகம் வெந்துவிடும். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு டீசல் வண்டி பார்க்கப் போனேன். பெரியவர் வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். பெயின்ட் கண்ணாடி மாதிரி, சீட்டில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. "தண்ணி மட்டும் குறையவே உட மாட்டனுங்க கண்ணு, நம்ம போர்த் தண்ணி, வாரா வாரம் நானே ஊத்திருவேன்" என்றார். மூடியைத் திறந்தேன். பச்சையோ ரோஸ் நிறமோ இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். வாய் விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினேன், சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. போர்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் இன்ஜின் பிளாக்கின் வழிகளிலும் அப்படித்தான் படிந்திருக்கும். வாரம் ஒரு தடவை தண்ணீர் குறைகிறது என்பதே இன்னொரு சேதி, எங்கோ கசிகிறது, அல்லது இன்ஜினே குடிக்கிறது. ஒரு நாள் மேடு ஏறும்போது சூடு ஏறி ஹெட் கேஸ்கெட் போகும். பெரியவர் காட்டிய அக்கறையில் ஒரு குறையும் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். காபி நுரை மாதிரி வெளுத்த பசை தடிமனாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது

ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு ஆளைச் சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. கறும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. குளிர் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வருவது சகஜம், சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப்புகை வந்துகொண்டே இருந்தால்தான் வம்பு.

பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டக் கொடுப்பார்கள், முதலில் அதை நிறுத்துங்கள். குண்டும் குழியுமான ஊர் ரோட்டில் மெதுவாக ஓட்டி அடியில் டக்டக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் பைபாஸில் எண்பதில் ஓட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, கை நடுங்குகிறதா என்று பாருங்கள். ஒரு மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி, திம்பத்துக்கு இருபத்தேழு, கொல்லிமலைக்கு எழுபது என்று நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் மலைதான். வண்டி வாங்கிய மாதமே வீட்டில் எல்லோரும் கோயில், மலை என்று கிளம்புவார்கள். அங்கே போய்க் கிளட்ச் வாடை வருவதைவிட இங்கே தெரிந்துகொள்வது மேல். ஏசியை முழுதாக வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்திய இடத்திலும் குளிர் நிற்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்திருந்தால் அப்புறம் உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். விற்கிறவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். பெட்ரோல் காசோடு அவருக்கு ஒரு நாள் கூலியும் கொடுத்துவிடுங்கள். ஓசியில் கூப்பிட்டால் அவரும் ஓசியில்தான் பார்ப்பார்.

விலை பேசுவது

ஒரே மாடல், ஒரே வருடம், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் உள்ள நான்கைந்து வண்டிகளின் விலையை முதலில் விசாரித்து வையுங்கள். பேசும்போது "கொஞ்சம் குறைங்க" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் ஐயாயிரம் குறையும். "நாலு டயரும் மாத்தணும், பதினெட்டாயிரம் ஆகுதுங்க, கிளட்ச் இன்னும் ஆறு மாசம்தான், இன்சூரன்ஸ் அடுத்த மாசம் முடியுது" என்று ஒவ்வொன்றாகக் கணக்கு வைத்துக் கேளுங்கள், அதற்கு மதிப்பு உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகிய ஊர் இது. பேரத்தை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைக்க மாட்டார்கள். ஆடியில் புது வண்டி எடுக்கத் தயங்குவார்கள், பழைய வண்டிக்கும் அப்போது ஆள் குறைவு. நாள் பார்க்காதவர் என்றால் ஆடியில் பேசலாம். நாள் பார்ப்பவர் என்றால் ஆடியில் பேசி முடித்து, சின்ன அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி பிறந்து எடுத்துக்கொள்ளலாம். அட்வான்ஸுக்கு எழுத்து வேண்டும்: வண்டி நம்பர், பேசிய விலை, கொடுத்த தொகை, பேப்பர் சரியில்லை என்றால் திருப்பித் தருவதாக ஒரு வரி.

கையெழுத்துப் போடும் நாள்

2016இல் என் பழைய சான்ட்ரோவை ஒரு புரோக்கர் மூலமாக விற்றேன். படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "பார்ட்டி ரெடியா இருக்குதுங்கண்ணா, ஒரு வாரத்துல மாத்திருவோம்" என்றார். காசு கைக்கு வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு காவல் நிலையத்தில் இருந்து போன். என் வண்டி ஒரு பைக்கை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. நான் விற்றுவிட்டேன் என்கிறேன், ஆர்சியில் உங்கள் பெயர்தானே இருக்கிறது என்கிறார்கள். புரோக்கரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. வண்டி மூன்று கை மாறியிருந்தது, ஒருவரும் பேர் மாற்றவில்லை. வாங்கியவர்களைத் தேடிப்பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நான் பட்ட பாடு பெரிது. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததால் தப்பித்தேன். அந்த வருடம் பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி பல கை மாறிய ஒரு வண்டி வழக்கில், ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தப் போன் வந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் இதை ஒரே நாளில், நேருக்கு நேர் உட்கார்ந்து முடியுங்கள். வண்டியை விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பேர் மாற்றக் கேட்கும் படிவம் 30, கடன் இருந்தால் படிவம் 35, வங்கிக் கடிதம். வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதிய பிறகுதான் விற்கிறவர் கையெழுத்து. காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் கூடாது, வாங்கவும் கூடாது. இரண்டு பேரின் அடையாள அட்டை நகல், இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டாவது சாவி. இரண்டாவது சாவி இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள், புதிதாகச் செய்யும் செலவை விலையில் கழியுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, அதோடு வங்கிக் கணக்கைப் போல ஒரு சாட்சியும் இல்லை. ஒரு டெலிவரி நோட் எழுதி, இன்ன தேதி இன்ன மணிக்கு வண்டி ஒப்படைக்கப்பட்டது என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். அன்று காலை நடந்த விதிமீறலுக்கு மாலையில் வாங்கியவர் பொறுப்பில்லை.

விற்கிறவர் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவர் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நான் முப்பது நாள் காத்திருக்க மாட்டேன், அந்த வாரமே போட்டுவிடுவேன். ஒரு தொகையை, பத்தாயிரமோ இருபதாயிரமோ, பேர் மாறியதும் தருவதாகப் பேசி நிறுத்திவைக்கலாம். விற்கிறவர் நீங்கள் என்றால் அதற்கு ஒத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் அவசரப்பட்டுப் பேர் மாற்ற அதுவே காரணமாக இருக்கும்.

இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்கும்போது கையை விரிப்பார்கள். முன் ஓனருக்கு இருந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறுவது, அவருடையது. வண்டியோடு உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விற்கிறவர் அதற்கு ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டால் தன் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். பாதிப் பேர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை, வீணாகப் போகிற காசு.

முதல் மாதம்

முன் ஓனர் போன மாதம்தான் சர்வீஸ் செய்தேன் என்று சொன்னாலும் இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் கணக்கு அன்றிலிருந்து ஆரம்பம். இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் சேர்ந்து வளையும். கூலன்ட் குறைந்தால் பாட்டிலில் வாங்கி ஊற்றுங்கள், போர்த் தண்ணீர் வேண்டாம்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேகை அவரை ரத்து செய்யச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். இல்லை என்றால் நீங்கள் விஜயமங்கலம் டோலைத் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கில் காசு போகும், அவர் உங்களுக்குப் போன் போடுவார்.

புது ஆர்சி இப்போது தபாலில் வீட்டுக்கு வருகிறது. வந்ததும் உறையைக் கிழித்து, உங்கள் பெயரின் எழுத்து, இனிஷியல், முகவரி, சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாவற்றையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வங்கிப் பெயர் போய்விட்டதா என்றும் பாருங்கள். சரியாக இருந்தால் அதை ஒரு போட்டோ எடுத்து, உங்களுக்கு வண்டி விற்றவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.